சம்மன் வருவதற்கு முன்னால் விதி எங்கே மாறுகிறது?

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு தங்குவிடுதியில் இருக்கும் தம்பி கேட்ட கேள்வி இது. அவருடைய அறைத்தோழர் மூன்று வருடமாக ஒரே நடைபாதையில்தான் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தார். போன மாதம் அதே இடத்தில் அதிகாரிகள் நிறுத்தி, "இங்கே ஓட்டக்கூடாது" என்று சொல்லி, வேலை அனுமதி அட்டையை வாங்கி விவரம் எழுதிக்கொண்டார்கள். "நேற்று வரை சரியாக இருந்தது இன்று எப்படிக் குற்றமாகும்? யாரிடமும் சொல்லாமல் மாற்றலாமா? இந்தச் சின்னச் சின்ன மாற்றங்களை யார் செய்கிறார்கள், எங்கே போய்த் தெரிந்துகொள்வது?" என்று கேட்கிறார்.

சொல்லாமல் மாற்ற முடியாது, தம்பி. ஆனால் "சொல்வது" என்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் பொருள் வேறு, நாம் நினைப்பது வேறு. அரசிதழில் வெளியாகிவிட்டால் சட்டத்தைப் பொறுத்தவரை ஊருக்கே சொல்லியாகிவிட்டது. நீங்கள் படித்தீர்களா, உங்கள் மொழியில் வந்ததா, அன்றைக்கு இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தீர்களா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது.

நான் வக்கீல் இல்லை. பல வருடம் லாரி ஓட்டினேன். அப்புறம் கட்டுமான நிறுவனங்களில் வாகனங்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. எந்த டிரைவருக்கு எத்தனை குற்றப்புள்ளி ஏறியிருக்கிறது, எந்த லாரிக்குப் பரிசோதனை எப்போது என்று பார்ப்பது என் பொறுப்பு. விதி மாறியது தெரியாமல் இரண்டு முறை முழித்த பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

"ரோடு சட்டம்" என்று நாம் சொல்வது ஒரே புத்தகம் இல்லை. மேலே இருப்பது 1961ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். சைக்கிள், மின்ஸ்கூட்டர், நடைபாதை தொடர்பானவற்றுக்கு 'ஆக்டிவ் மொபிலிட்டி' சட்டம் என்று தனியாக ஒன்று உண்டு. அது 2017இல் நிறைவேறி 2018 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தப் பெரிய சட்டங்களில் ஒரு வரியை மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும். மூன்று வாசிப்பு, சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றத்தின் பார்வை, அதிபரின் ஒப்புதல், அப்புறம் அரசிதழ். ஒப்புதல் கிடைத்த அன்றே நடப்புக்கு வரும் என்றும் இல்லை. "அமைச்சர் அரசிதழில் அறிவிக்கும் தேதியில் நடப்புக்கு வரும்" என்று பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

சட்டத்துக்குக் கீழேதான் விதிகள். வண்டி எப்படிக் கட்டப்பட்டிருக்க வேண்டும், இருக்கை வார் யார் போட வேண்டும், ஓட்டுநர் உரிமம், மின்னியல் சாலைக் கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதித்தொகுப்பு. இவற்றை எழுதும் அதிகாரத்தைச் சட்டமே அமைச்சரிடமோ நிலப் போக்குவரத்து ஆணையத்திடமோ கொடுத்துவைத்திருக்கிறது. ஆகவே விவாதம், வாக்கெடுப்பு எதுவும் வேண்டாம். தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் வாசகத்தைச் சரிபார்க்கும், கையெழுத்தாகும், அரசிதழில் வரும், அதன் பிறகு ஒரு பிரதி நாடாளுமன்றத்தில் வைக்கப்படும். உங்களையும் என்னையும் தினமும் தொடுகிற மாற்றங்களில் முக்கால்வாசி இந்த வழியில் வருபவைதான்.

இதைப் புரிந்துகொள்ள 2019ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டில் நான்கு மாற்றங்கள், நான்கும் வேறு வேறு வழியில் வந்தன.

பிப்ரவரி 1 அன்று நடைபாதையில் சைக்கிள், மின்ஸ்கூட்டர் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 10ஆகக் குறைந்தது. அதற்கென்று ஓர் ஆலோசனைக் குழு இருக்கிறது. அது முந்தைய ஆண்டே பரிந்துரைத்து, அரசாங்கம் ஏற்றுக்கொண்டு, செய்தியிலும் வந்துவிட்டது. விதியில் ஓர் எண்தான் மாறியது. நிதானமாக வந்த மாற்றம், யாரும் பெரிதாகக் கத்தவில்லை.

ஏப்ரல் 1 அன்று போக்குவரத்துக் காவல்துறை அபராதங்களை உயர்த்தியது. சிவப்பு விளக்கைத் தாண்டினால் கார் போன்ற இலகு வாகனத்துக்கு 200 வெள்ளியாக இருந்தது 400 ஆனது. கனரக வாகனத்துக்கு 500. இதற்காக நாடாளுமன்றத்தில் மசோதா எதுவும் போடவில்லை. அது எப்படி முடிந்தது என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

நவம்பர் 1 அன்று சட்டமே மாறியது. ஆபத்தாக வண்டி ஓட்டி ஆளைக் கொன்றால், காயப்படுத்தினால் கிடைக்கும் சிறைத் தண்டனைகள் திருத்தி அமைக்கப்பட்டன. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் காலத்தை அமைச்சு தன் மேசையில் வைத்துத் திருத்திவிட முடியாது. ஆகவே மசோதா, விவாதம், ஜூலை 8 அன்று நிறைவேற்றம், நவம்பரில் நடப்பு.

நாலாவது, நவம்பர் 5. நடைபாதையில் மின்ஸ்கூட்டருக்குத் தடை. முதல் நாள், நவம்பர் 4 அன்று, போக்குவரத்து மூத்த துணை அமைச்சராக இருந்த லாம் பின் மின் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மறுநாள் தடை நடப்பில். பிடோக்கில் சைக்கிளில் போன 65 வயது மாது ஒருவர் மின்ஸ்கூட்டருடன் மோதி இறந்து ஆறு வாரம்கூட ஆகாத நேரம் அது. மக்கள் கோபத்தில் இருந்தார்கள், அதனால் அவசரம் புரிகிறது. ஆனால் அன்று காலை மின்ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துச் சம்பாதித்தவர் மறுநாள் காலை எந்தப் பாதையில் போவார்? நம் பையன்கள் பலர் அந்த வேலையில் இருந்தார்கள். உணவு விநியோகம் செய்பவர்கள் தொகுதி எம்.பி.க்களைச் சந்திக்கத் திரண்டார்கள். சில நாள் கழித்து, சைக்கிளுக்கு மாறுகிறவர்களுக்கு உதவ 70 லட்சம் வெள்ளி ஒதுக்கப்பட்டது. அந்த உதவியைத் தடையோடு சேர்த்தே அறிவித்திருக்கலாம் என்பது இன்றும் என் எண்ணம்.

இந்த நாலாவதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தடை நவம்பர் 5 அன்றே நடப்புக்கு வந்தாலும், ஆண்டு முடியும் வரை பெரும்பாலும் எச்சரித்து அனுப்புவோம் என்றார்கள். 2020 ஜனவரி 1 முதல் தயவு கிடையாது. 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்தார்கள். "ஜனவரிதானே, இன்னும் நேரம் இருக்கிறது" என்று நினைத்தவர்கள் நவம்பரில் ஓட்டியபோதும் குற்றம்தான் செய்தார்கள். பிடித்தவர் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

ஆக, ஒரு மாற்றத்துக்கு நாலு தேதி இருக்கலாம். செய்தியில் சொல்லும் தேதி, அரசிதழில் வரும் தேதி, நடப்புக்கு வரும் தேதி, கண்டிப்பாகப் பிடிக்க ஆரம்பிக்கும் தேதி. கோப்பிக் கடையில் நடக்கிற சண்டை எல்லாம் ஒருவர் முதல் தேதியையும் இன்னொருவர் நாலாவது தேதியையும் கையில் வைத்துக்கொண்டு போடும் சண்டை. வழக்கு என்று வந்தால் எண்ணப்படுவது மூன்றாவது தேதி. விதியில் தேதி எதுவும் குறிப்பிடவில்லை என்றால், அரசிதழில் வெளியான நாளே நடப்பு நாள்.

இந்த மூன்றாவது தேதி உங்களுக்கு எதிராக மட்டும் வேலை செய்வதில்லை. 2026 ஜனவரி 1 முதல் வேகமாக ஓட்டுவதற்கான அபராதமும் குற்றப்புள்ளியும் கூடிவிட்டன. அறிவிப்பு 2025 அக்டோபரிலேயே வந்தது. சரி, ஒருவர் டிசம்பர் 31 இரவு 11.50க்குத் தீவு விரைவுச்சாலையில் கேமராவில் மாட்டினார் என்று வையுங்கள். கடிதம் ஜனவரியில்தான் வரும். எந்தக் கட்டணம்? பழையதுதான். குற்றம் செய்த நேரத்தில் இருந்த தண்டனையைவிடக் கூடுதலாக யாருக்கும் விதிக்க முடியாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. கடிதத்தின் தேதியைப் பார்க்காதீர்கள், குற்றம் நடந்த தேதியையும் நேரத்தையும் பாருங்கள்.

இப்போது அந்த ஏப்ரல் விஷயம். நாம் "சம்மன் வந்துவிட்டது" என்று சொல்லும் காகிதம் பெரும்பாலும் நீதிமன்றச் சம்மன் இல்லை. "இந்தத் தொகையைக் கட்டிவிட்டால் உன்மேல் வழக்குப் போடவில்லை" என்று காவல்துறையோ ஆணையமோ நீட்டும் ஒரு சமரசம். சட்டப் புத்தகத்தில் இருக்கும் உச்ச அபராதம் வேறு, இந்தச் சமரசத் தொகை வேறு. உச்ச அபராதத்தைக் கூட்ட நாடாளுமன்றம் வேண்டும். அதற்கு உட்பட்டுச் சமரசத் தொகையைக் கூட்ட அது வேண்டியதில்லை. அதனால்தான் உங்கள் பணப்பையை நேராகத் தொடும் மாற்றம் சத்தமில்லாமல் வருகிறது, சிறைத் தண்டனை பற்றிய மாற்றம் மேளதாளத்தோடு வருகிறது. கட்ட மனமில்லை என்றால் நீதிமன்றம் போகலாம், அது உங்கள் உரிமை. ஆனால் அங்கே பேசப்படுவது அந்த உச்ச அபராதம் என்பதை மறந்துவிட்டுப் போகாதீர்கள்.

அரசிதழில் வரும் திருத்தத்தை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். பார்த்தால்தான் ஏன் யாரும் படிப்பதில்லை என்று தெரியும். முழு விதியை அச்சடிக்க மாட்டார்கள். "இந்த விதியின் இந்த உட்பிரிவில் '15' என்பதற்குப் பதிலாக '10' என்று வைக்கவும்" என்ற மாதிரிதான் இருக்கும். 15 எது, 10 எது, மாடா மனிதனா, எதுவும் அந்தத் தாளில் இராது. பழைய விதியைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு, சொன்ன இடத்தில் நீங்களே ஒட்டிப் படிக்க வேண்டும். தையற்காரர் துணியைக் காட்டாமல் ஒட்டுத்துணியை மட்டும் கையில் கொடுப்பது போல. ஒவ்வொன்றுக்கும் 'எஸ்' என்று தொடங்கும் வரிசை எண்ணும் ஆண்டும் இருக்கும். சில ஆண்டுகளில் எல்லாத் துறைகளும் சேர்த்து அந்த எண் ஆயிரத்தைத் தொட்டுவிடும். அதில் சாலை சம்பந்தப்பட்டது சொற்பம்.

நல்லவேளை, ஒட்டிப் படிக்கும் வேலையை நமக்காகச் செய்துவைத்த இடம் ஒன்று இருக்கிறது. தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் நடத்தும் 'சிங்கப்பூர் ஸ்டாட்யூட்ஸ் ஆன்லைன்' இணையத்தளம். காசு இல்லை, பதிவு இல்லை. அங்கே விதியின் முழு வாசகமும், திருத்தம் சேர்ந்த நிலையில் இருக்கும். திருத்தப்பட்ட வரியின் முடிவில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு சின்னக் குறிப்பு: 'எஸ்' எண், அப்புறம் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, 'டபிள்யூ இ எஃப்', அதன் பின்னே ஒரு தேதி. அந்தத் தேதிதான் நான் மேலே சொன்ன மூன்றாவது தேதி. காலக்கோடு என்று ஒரு வசதியும் உண்டு. அதில் ஒரு பழைய தேதியைத் தேர்ந்தெடுத்தால் அன்றைக்கு விதி எப்படி இருந்தது என்று காட்டும். விபத்துக் கோரிக்கை ஒன்றில், இரண்டு வருடம் முன்பு நடந்ததற்கு இன்றைய விதியைக் காட்டி வாதாடிக்கொண்டிருந்த ஒருவரை அந்தக் கோட்டைக் காட்டித்தான் உட்காரவைத்தோம்.

எல்லாம் ஆங்கிலம்தான். நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பும் உண்டு. சட்டத்தின் வாசகம் மட்டும் ஆங்கிலத்தில் இயற்றப்படுவது. அதனால் தமிழில் நீங்கள் படிக்கும் எதுவும், நான் எழுதும் இது உட்பட, விளக்கம்தானே தவிர சட்டம் இல்லை.

இங்கே இன்னொரு குழப்பம். செய்தியில் வருவதெல்லாம் விதி என்று நினைத்துவிடுகிறோம். 2021 அக்டோபரில் சாலையில் சைக்கிள் ஓட்டுவது பற்றி ஓர் அறிவிப்பு வந்தது, 2022 ஜனவரி 1 முதல் நடப்பு. அந்த ஒரே அறிவிப்பில் இரண்டு வகைச் சரக்கு இருந்தது. கூட்டமாகப் போனால் ஒற்றை வரிசையில் ஐந்து பேர், இருவர் இருவராகப் போனால் பத்துப் பேர், அதற்கு மேல் கூடாது. இது விதி, மீறினால் அபராதம். அப்போதே 75 வெள்ளியாக இருந்த அபராதம் 150 ஆனது. ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவே சுமார் 30 மீட்டர், அதாவது இரண்டு விளக்குக் கம்ப தூரம் விட வேண்டும் என்பதும், கார்க்காரர் சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பதும் வழிகாட்டி. அவற்றுக்கென்று தனியாகச் சம்மன் வராது. வாட்ஸ்அப்பில் சுற்றியபோது நான்கும் ஒரே படத்தில், நான்குக்கும் ஒரே அபராதத்தோடு வந்தன!

வழிகாட்டிதானே என்று தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. நெடுஞ்சாலைக் குறிப்பேடு என்று ஒன்று இருக்கிறதே, உரிமத் தேர்வுக்குப் படித்தோமே, அதை மீறியதற்காக மட்டும் உங்கள்மேல் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் விபத்து என்று வழக்கு வந்தால், "குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது, இவர் அப்படிச் செய்யவில்லை" என்று எதிர்த் தரப்பு அதை எடுத்துவைக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. எந்த அதிகாரியும் ஒன்றரை மீட்டர் அளக்க டேப்போடு நிற்கமாட்டார். இடித்த பிறகு வக்கீல் அளப்பார்.

விளம்பரப்படுத்துவது பற்றி. பெரிய மாற்றமானால் கவலையில்லை. தமிழ் முரசில் வரும், ஒலி 96.8இல் பேசுவார்கள், வசந்தம் செய்தியில் வரும். வாகன உரிமையாளருக்கு ஒன்மோட்டோரிங் தளம், அப்புறம் கடிதமோ மின்னஞ்சலோ. விரைவுச்சாலையில் மின்பலகையில்கூட ஒரு வரி ஓடும். கால அவகாசமும் கொடுக்கிறார்கள். லாரிகளுக்கான வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பாருங்கள். முன்பு 12,000 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும் இருந்தது, இப்போது 3,501 கிலோவிலிருந்தே. வேகம் 60ஐத் தாண்டாமல் பூட்டிவிடும். எல்லா வண்டியையும் ஒரே நாளில் கேட்கவில்லை. 5,000 கிலோவுக்கு மேலே உள்ளவற்றில் 2018க்கு முன் பதிவானவற்றுக்கு 2026 ஜனவரி 1 கெடு, மற்றவற்றுக்குப் படிப்படியாக 2027 வரை. பட்டறைகளில் கூட்டம் சேராமல் இருக்க அதுதான் வழி.

அரசாங்கத்திலிருந்து நிறுவனத்தின் வாசல் வரை செய்தி நன்றாகத்தான் வருகிறது. வாசலிலிருந்து லாரியின் பின்பக்கம் வரைதான் சிக்கல். ஒன்று சொல்கிறேன். ஊழியர்களை ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கு 2023 ஜனவரி 1 முதல் மழைத்திரை கட்டாயமானது. டிரைவர் கண்ணயராமல் பார்த்துக்கொள்ள ஒரு 'வண்டித் தோழரை' நியமிப்பதும் அன்றிலிருந்து கட்டாயம். நான் அப்போது இருந்த நிறுவனத்துக்குச் சுற்றறிக்கை மாதக்கணக்கில் முன்பே வந்திருந்தது. அலுவலகத்தில் ஒருவர் அதை ஆங்கிலத்தில் அச்சடித்து, இரண்டாவது மாடியில் நகல் எடுக்கும் இயந்திரத்துக்கு மேலே ஒட்டினார். எங்கள் டிரைவர்கள் மாடி ஏறுவதே வருடத்துக்கு ஒருமுறை, விடுப்புக் கடிதம் கொடுக்க. ஜனவரி இரண்டாவது வாரம் நல்ல மழை. காலை ஆறரைக்கு லாரி வந்து நின்றது. பின்னாலிருந்து பதினொரு பேர் தலைமுதல் கால்வரை நனைந்து இறங்கினார்கள். ஒருவர் சாப்பாட்டுப் பெட்டியைச் சட்டைக்குள் வைத்துக் குனிந்தபடியே இறங்கினார். திரை வாங்கி வந்து ஸ்டோரில் கிடந்தது, உறை பிரிக்காமல். மாட்ட வேண்டும் என்று யாரும் டிரைவரிடம் சொல்லவில்லை. டிரைவருக்கு, தோழரைக் குறிக்கும் 'பட்டி' (buddy) என்ற ஆங்கிலச் சொல் மட்டும் காதில் விழுந்திருந்தது. ஆட்டுப்பட்டியா மாட்டுப்பட்டியா என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நானும் அந்த மாடிக்கு வாரம் ஒருமுறை போகிறவன்தான்.

அன்றிலிருந்து நான் செய்வது ஒன்றுதான். மாற்றம் வந்தால் தமிழில் நாலு வரி எழுதி, குரலிலும் பதிந்து டிரைவர்கள் குழுவில் போடுவேன்: என்ன மாறுகிறது, எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு, மீறினால் யார் கட்டுவது. கடைசிக் கேள்விதான் அவர்கள் முதலில் கேட்பது. கருவி, திரை மாதிரி வண்டியைச் சேர்ந்தது என்றால் உரிமையாளர் பொறுப்பு, வேகம், சிவப்பு விளக்கு என்றால் ஸ்டியரிங்கைப் பிடித்தவர் பொறுப்பு என்று அதையும் தெளிவாகச் சொல்லிவிடுவேன்.

வாட்ஸ்அப்பில் வரும் "நாளை முதல்" படங்களுக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். எந்த நாளை? தேதி இல்லாத படம் குப்பை. தேதி இருந்தால் ஆணையத்தின் அல்லது காவல்துறையின் தளத்தில் அதே தேதியோடு செய்தி இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் அதுவும் குப்பை. போன வருடம் எங்கள் குழுவில் வந்த ஒன்றில் அபராதம் ரிங்கிட்டில் இருந்தது. ஜோகூர்க் கதையை யாரோ சிங்கப்பூர்ச் சின்னம் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

இன்னும் சின்ன வகை மாற்றங்களும் உண்டு. மின்னியல் சாலைக் கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளுக்காகவும் மறுஆய்வு செய்யப்படுகிறது. விரைவுச்சாலையில் வண்டிகள் ஓடும் வேகம் மணிக்கு 45க்கும் 65 கிலோமீட்டருக்கும் இடையில், மற்ற பெரிய சாலைகளில் 20க்கும் 30க்கும் இடையில் இருந்தால் சரி. குறைந்தால் கட்டணம் ஏறும், கூடினால் இறங்கும். அரை மணிக்கு அரை மணி அட்டவணையில் ஓர் எண் மாறுவதும் விதித் திருத்தம்தான். கட்டணம் பிடிக்கும் வளைவின் மேலேயே தொகை தெரிவதால் அதற்கு யாரும் அரசிதழைத் தேடுவதில்லை. தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை தடங்களை மூடுவது இதிலிருந்து வேறு. அது அந்த ஒரு நிகழ்வுக்கான ஏற்பாடு, முடிந்ததும் தானாகப் போய்விடும். ஆனால் அன்று கூம்பு வைத்த தடத்தில் நுழைந்துவிட்டு "விதியில் இல்லையே" என்று அங்கே நிற்கும் காவலரிடம் வாதாடாதீர்கள். அவர் கை காட்டும் திசைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது நிரந்தர விதி.

சரி, உங்கள் அறைத்தோழர் விஷயம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அங்கே புது விதி எதுவும் பிறக்கவில்லை என்று நினைக்கிறேன். 'ஆக்டிவ் மொபிலிட்டி' சட்டத்தில் பாதைகள் வகைவகையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: நடப்பவருக்கு மட்டுமான பாதை, சாதாரண நடைபாதை, பகிர்வுப் பாதை என்று. சாதாரண நடைபாதையில் சைக்கிள் போகலாம், 10 கிலோமீட்டர் வேகத்தில். நடப்பவருக்கு மட்டுமான பாதையில் சைக்கிள் ஓட்டுவது குற்றம், 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. 2025 ஜூலை 1 முதல் நடந்தது என்னவென்றால், பக்கத்திலேயே சைக்கிள் பாதை ஓடும் நடைபாதைகளை 'நடப்பவருக்கு மட்டும்' என்று வகை மாற்றத் தொடங்கினார்கள். குற்றம் பழையது, அந்தப் பாதையின் பெயர்தான் புதியது. விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படித்தவருக்குக்கூட அவர் ஓட்டும் பாதை வகை மாறியது தெரியாமல் போயிருக்கலாம். இந்த வகை மாற்றத்தை என்னைக் கேட்டால் தாளில் தேடுவதைவிடத் தரையில் தேடுவதுதான் மேல்.

அதனால் அவரை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்காவுக்குக் கிளம்பும் முன்னால், அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள். பக்கத்தில் செந்நிறத்தில் சைக்கிள் படம் போட்ட பாதை ஓடுகிறதா? அவர் போன பாதையின் தரையில் நடப்பவருக்கு மட்டும் என்ற எழுத்தோ குறியோ இருக்கிறதா? அவர் ஏறுகிற முனையிலிருந்து பார்த்தால் அது தெரிகிறதா, அல்லது அழிந்தோ, மறைந்தோ கிடக்கிறதா? இரண்டு முனையிலும் படம் எடுத்து வையுங்கள். சைக்கிள் பாதையும் இருக்கிறது, குறியும் தெளிவாக இருக்கிறது என்றால் கடிதம் வந்ததும் கெடுவுக்குள் கட்டிவிடுவது நல்லது. சைக்கிள் பாதையே அங்கே இல்லை, அல்லது குறி கண்ணுக்கே தெரியவில்லை என்றால் அந்தப் படங்களோடு ஆணையத்துக்கு மேல்முறையீடு எழுதலாம். "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்று எழுதாதீர்கள், அது எடுபடாது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த முனையிலிருந்து ஏறினார், அங்கே என்ன இருந்தது, என்ன இல்லை என்று மட்டும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சிரமமாக இருந்தால் படங்களையும் கடிதத்தையும் எனக்கு அனுப்புங்கள், எழுதித் தருகிறேன்.